அம்பாசிடருக்கு ஐந்தாவது கியர்

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நான்கு கியர் உள்ள பழைய அம்பாசிடர் ஒன்று அந்தத் தூரம் முழுவதையும் டாப் கியரிலேயே கடந்தால், அதன் இன்ஜின் சுமார் 3,37,000 முறை சுற்றியிருக்கும். அதே காரில் ஐந்தாவதாக ஓர் ஓவர்டிரைவ் கியரைச் சேர்த்து அதிலேயே ஓட்டினால் சுமார் 2,87,000 சுற்றில் வேலை முடிந்துவிடும். வண்டியின் வேகம் ஒன்றுதான், போய்ச் சேரும் நேரமும் ஒன்றுதான். இன்ஜினுக்கு 50,000 சுற்று மிச்சம்.

கணக்கு எளியது. அம்பாசிடரின் சக்கரம் ஒருமுறை உருண்டால் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். 150 கிலோமீட்டருக்குச் சக்கரம் 75,000 முறை உருள வேண்டும். பின் அச்சில் இருக்கும் கிரௌன் பினியனின் விகிதத்தைக் கணக்குக்காக 4.5 என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.5 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். நான்காவது கியரில் இன்ஜினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், 75,000-ஐ 4.5-ஆல் பெருக்கினால் போதும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால், அதில் 15 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளலாம்.

பழைய காரை வைத்திருப்பவர்கள் புது கியர் பாக்ஸ் மாட்ட ஆசைப்படும்போது வேகத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். வேகம் இதில் இரண்டாம் பட்சம். ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜினை எத்தனை சுற்றில் ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் ஐந்தாவது கியர் தருகிறது. அந்த உரிமை எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று பார்க்கத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் அமையாது. நான்கு வழிச்சாலை, மாஞ்சோலை மலைச்சாலையின் ஏற்றம், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று மூன்றும் அரை நாள் ஓட்டத்துக்குள் அடங்கிவிடும்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 மே மாதம் வரை கட்டப்பட்ட கார் அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அதன் மூலம். நெடுங்காலம் அதைச் சுமந்தது 1,489 சி.சி. கொள்ளளவுள்ள பி.எம்.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 88.9 மில்லிமீட்டர், சிலிண்டரின் விட்டமோ 73 மில்லிமீட்டர்தான். இப்படி நீள ஸ்ட்ரோக் உள்ள இன்ஜின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும், ஆனால் அதிகச் சுற்றை விரும்பாது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவதும் மூன்றே மூன்று மெயின் பேரிங்.

நான்கு கியரும் அந்தக் காலத்துச் சாலைக்கு அளந்து தைத்தவை. எதிரே லாரி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒற்றைச் சாலையில் மணிக்கு 50, 60 கிலோமீட்டரே நல்ல வேகம். அதற்கு டாப் கியரில் இன்ஜின் 2,000 சுற்றை ஒட்டி நிதானமாக ஓடும். அதே கார் இன்றைய நான்கு வழிச்சாலையில் 100-ஐத் தொட்டால் நிமிடத்துக்கு 3,750 சுற்று. அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 11 மீட்டரைத் தாண்டுகிறது. கயத்தாறு வருவதற்குள் காது சோர்ந்துவிடும். கோவில்பட்டிக்குள் எண்ணெய் சூடேறி அழுத்தம் இறங்கத் தொடங்கியிருக்கும்.

ஓவர்டிரைவ் இருந்தால் அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் 3,190 சுற்று. குறைவது 15 விழுக்காடுதான் என்று தோன்றும். ஆனால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தித் திருப்பும் விசை, சுற்று வேகத்தின் இருமடிப்படி மாறுகிறது. 0.85-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 0.72. ஆக பேரிங்குகள் மீது விழும் அந்த விசை 28 விழுக்காடு குறைகிறது. மூன்று பேரிங் உள்ள, அறுபது வயதைக் கடந்த வடிவமைப்புக்கு இது சின்ன ஆறுதல் அல்ல.

பெட்ரோல் மிச்சமாவதற்குக் காரணம் வேறு. சமவெளியில் சீராக ஓட இன்ஜினின் முழுத் திறன் தேவைப்படுவதில்லை. அதனால் கார்புரேட்டரின் திராட்டில் வால்வு பாதி மூடியே இருக்கும். அந்தச் சின்ன இடைவெளி வழியே காற்றை உறிஞ்ச இன்ஜின் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. சுற்றைக் குறைத்து அதே திறனைக் கேட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் விசை தர வேண்டியிருப்பதால் திராட்டில் அகலத் திறக்கும், உறிஞ்சும் சிரமம் குறையும். சுற்று குறைவதால் உராய்வும் குறையும். இரண்டும் சேர்ந்ததே மிச்சம்.

கியர் பாக்ஸுக்குள் நடப்பதையும் பார்த்துவிடுவோம். பழைய நான்கு கியர் பெட்டியில் டாப் கியர் என்பது உண்மையில் கியரே இல்லை. இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்டும் பின்னால் போகும் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. டாப்பில் போட்டால் இரண்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். எந்தப் பல்லின் வழியாகவும் சக்தி கடப்பதில்லை, எனவே இழப்பும் மிகக் குறைவு. ஐந்தாவது கியரில் அப்படியல்ல. சக்தி முதல் ஜோடிப் பற்கள் வழியாகக் கீழே இருக்கும் கவுண்டர் ஷாஃப்டுக்கு இறங்கி, இன்னொரு ஜோடி வழியாக மேலே ஏறுகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் சிறிது வெப்பமாக வீணாகும். ஓவர்டிரைவ் கியர் பெட்டியின் திறனைச் சற்றுக் குறைக்கிறது என்பதைப் பலர் சொல்வதில்லை. இன்ஜின் பக்கம் கிடைக்கும் லாபம் இந்த நஷ்டத்தைவிடப் பெரிது என்பதால்தான் ஓவர்டிரைவ் நிலைத்து நிற்கிறது.

வெளியே வரும் ஷாஃப்ட் உள்ளே போகும் ஷாஃப்டைவிட வேகமாகச் சுற்றுவதே ஓவர்டிரைவின் அடையாளம். அதன் மிகப் பெரிய வடிவம் நம் கண்ணெதிரே ராதாபுரத்திலும் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் வானத்தில் நிற்கிறது. காற்றாலையின் இறக்கை நிமிடத்துக்கு இருபது முறைபோலச் சுற்ற, ஜெனரேட்டருக்கோ 1,500 சுற்றுபோல வேண்டும். கியர் பெட்டி உள்ள காற்றாலைகள் எல்லாம் கோபுர உச்சியில் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

கார்களில் இந்த யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு வான்கார்டு காருக்கு 1950 வாக்கிலேயே லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் கூடுதல் வசதியாகக் கிடைத்தது. கியர் பெட்டியின் வாலில் தனியாக மாட்டும் கோள் கியர் அமைப்பு அது. அதே வான்கார்டு சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தாலும் கட்டப்பட்டது.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகப் போனது. 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. போன்ற மசில் கார்கள் பெரிய வி-8 இன்ஜினோடும் நேரடி டாப்போடும் வந்தன; நான்கு கியரும், சீறிக் கிளம்புவதற்கென்று 4-ஐ ஒட்டிய பின் அச்சு விகிதமும் கேட்டு வாங்கலாம். சிக்னலில் அவை புலி, நெடுஞ்சாலையில் இரைச்சல். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் கணக்கு பார்க்கும் காலம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் மஸ்டாங், கமாரோ கார்களில் போர்க்-வார்னரின் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி ஏறியது. 1992-இல் டாட்ஜ் வைப்பர் காருடன் டி-56 என்ற ஆறு கியர் பெட்டி வந்தது. பழைய மசில் காரில் இத்தகைய பெட்டிகளை மாட்டுவது அங்கே இன்று பெரிய தொழில். டிரெமெக் நிறுவனம் பழைய கார்களின் தரை நடுவே பெட்டிக்கென உள்ள குறுகிய சுரங்கத்துக்குள் நுழையும் அளவிலேயே ஐந்து கியர் பெட்டியைச் செய்து விற்கிறது. அதில் ஐந்தாவதற்கு 0.68, 0.81 போன்ற விகிதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

நம் ஊரில் மசில் கார் என்று அழைக்கப்படும் பேறு பெற்றது கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரை வைத்து, அம்பாசிடரைக் கட்டிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் அதைக் கொண்டுவந்தது. நீண்ட மூக்கு, அகன்ற உடல், உள்ளே மட்டும் அம்பாசிடரின் அதே 1,489 சி.சி. இன்ஜினும் நான்கு கியரும். உடலுக்கும் உயிருக்கும் பொருத்தமில்லை என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. ஜப்பானின் இசுஸு நிறுவனத்திடமிருந்து 1.8 லிட்டர் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் வாங்கிக் கான்டெஸா கிளாசிக்கில் மாட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அதே ஜோடி அம்பாசிடருக்குள்ளும் ஏறியது. 1800 ஐ.எஸ்.இசட். என்று பெயர். ஸ்டியரிங் கம்பத்தில் இருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கியது.

பழைய அம்பாசிடரில் ஐந்து கியர் பெட்டி மாட்ட நினைப்பவருக்கு இதைவிட நல்ல முன்னோடி வேண்டியதில்லை. மாற்றத்தைத் தொழிற்சாலையே ஒருமுறை செய்து காட்டிவிட்டது. எந்த உடலில் எந்தப் பெட்டி உட்காரும், தரையில் எங்கே திறப்பு வரும் என்பதற்கெல்லாம் சாலையில் ஓடிய கார்களே சான்று.

இங்கே ஒரு கேள்வி எழும். கியர் பெட்டியைத் தொடாமல் பின் அச்சின் கிரௌன் பினியனை மட்டும் மாற்றினால் என்ன? 4.5-க்குப் பதில் 3.8 போட்டால் நான்கு வழிச்சாலையில் அதே குறைந்த சுற்று கிடைக்குமே, செலவும் குறைவாயிற்றே!

கிடைக்கும். ஆனால் மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும்போது அதற்கு விலை கொடுக்க வேண்டும். ஆட்களோடு 1,500 கிலோ எடை உள்ள காரை, 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் சீராக இழுக்கச் சக்கரத்தில் ஏறத்தாழ 540 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். இன்ஜின் அதிகபட்சம் 100 தருகிறது, வழியில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொள்வோம். மூன்றாவது கியரின் விகிதம் 1.5. பழைய பின் அச்சோடு மூன்றாவதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 607, வண்டி ஏறிவிடும். 3.8 அச்சோடு அதே கியரில் 513-தான் கிடைக்கும். வண்டி திணறும், இரண்டாவதுக்கு இறங்கியே ஆக வேண்டும். பின் அச்சை மாற்றினால் எல்லாக் கியரும் ஒருசேர நீண்டுவிடுகின்றன. கொண்டையூசி வளைவில் நின்று கிளம்ப வேண்டிய முதல் கியரும் அதில் அடக்கம்.

ஐந்து கியர் பெட்டியின் அருமை இதுதான். மலைக்கு வேண்டிய முதல் கியரும் சமவெளிக்கு வேண்டிய நீண்ட கியரும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. முதல் கியரின் விகிதத்தை டாப் கியரின் விகிதத்தால் வகுத்தால் வரும் வீச்சு, 3.8-இலிருந்து 4.5-ஆக விரிகிறது (பின் அச்சின் எண்களோடு இவை ஒத்திருப்பது தற்செயல்). சாலை இரண்டு விதமாக உள்ள ஊரில் இந்த வீச்சுதான் பெரிது, குதிரைத்திறன் அல்ல.

அப்படியென்றால் ஐந்தாவதில் போட்டுவிட்டு நாகர்கோவில் வரை காலை அசைக்காமல் போகலாமா? ஆனியிலும் ஆடியிலும் முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வேகம் கூடி வெளியே வருகிறது. காவல்கிணற்றில் மேற்கே திரும்பி நாகர்கோவில் நோக்கிப் போகும் வண்டி அதற்கு நேர் எதிரே போகிறது. வண்டி 80-இல் ஓடி, எதிர்க்காற்று 40-இல் வீசினால், காரின் நெற்றியில் மோதுவது 120 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி உயர்வதால், தடை இரண்டேகால் மடங்காகிறது. காற்றில்லாத நாளில் ஐந்தாவதில் இன்ஜினிடமிருந்து தோராயமாக 50 நியூட்டன் மீட்டர் போதும் என்றால், இப்போது 85 வேண்டும். அதோடு 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற, கண்ணுக்கே தெரியாத ஏற்றம் சேர்ந்தால் 100-ஐத் தொட்டுவிடும். இன்ஜினிடம் மிச்சம் எதுவும் இல்லை. நான்காவதுக்கு இறக்கினால் 84-இல் முடியும் வேலை அது.

இதனால்தான் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதில் பேராசை கூடாது என்கிறேன். 300 குதிரைத்திறன் உள்ள வி-8 காருக்கு 0.68 பொருந்தும். 50 குதிரைத்திறன் உள்ள காரில் அதைப் போட்டால் காற்றில்லாத, ஏற்றமில்லாத சாலையைத் தேடி அலைய வேண்டும். 0.85-ஐ ஒட்டிய விகிதமே நம் பழைய கார்களுக்கு மரியாதையான அளவு.

இனிப் பட்டறை. பெட்டியைத் தூக்கி மாட்டுவது ஒரு நாள் வேலை, அதைச் சரியான இடத்தில் உட்கார வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்ஜினையும் பெட்டியையும் சேர்ப்பது பெல் ஹவுசிங். வேறு நிறுவனத்துப் பெட்டி என்றால் இடையில் ஓர் அடாப்டர் தகடு லேத்தில் கடைந்து வர வேண்டும். பெட்டியின் முன் ஷாஃப்டின் நுனி கிராங்க் ஷாஃப்டின் குழியில் இருக்கும் சின்னப் பித்தளைப் புஷ்ஷுக்குள் நுழைகிறது. தகடு தடித்துவிட்டால் நுனி எட்டாது. மெலிந்துவிட்டால் நுனி குழியின் அடியில் முட்டி, கிராங்க் ஷாஃப்டையே முன்னால் தள்ளும்.

அதைவிட நுட்பமானது மையம். கிராங்க் ஷாஃப்டின் மையமும் பெல் ஹவுசிங் துளையின் மையமும் ஒன்றாக வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, அதன் முள் துளையின் உள் விளிம்பைத் தொடும்படி வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். முள் ஆடும் அளவு 0.12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைமுடி இரண்டின் தடிமன்கூட இல்லை. தாண்டினால் முன் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, பேரிங்கையும் புஷ்ஷையும் தின்னும். நெல்லைப் பட்டறைப் பேச்சில் சொன்னால், “அண்ணாச்சி, டயலு வச்சுப் பாக்காம மாட்டாதீய. பெறவு கியர் வுழ மாட்டேங்குன்னு வந்து நிப்பீய.” அந்த எச்சரிக்கையில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது.

கிளட்ச் பிளேட்டில் இரண்டு உலகங்கள் சேர வேண்டும். வெளி விட்டம் இன்ஜினின் ஃபிளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுவில் உள்ள பல் வரிசை புதுப் பெட்டியின் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். ஐந்து கியர் பெட்டி பொதுவாக நீளம் கூடியது, எனவே புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கி மறுபடி பாலன்ஸ் செய்ய வேண்டும். குறுகிய ஷாஃப்ட் அதிர்வு தொடங்கும் வேகத்தை மேலே தள்ளுவதால் இது நல்லதே. ஆனால் அதன் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்களின் சாய்வுக் கோணம் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. 10 பாகை சாய்ந்த ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை இருமுறை ஏற்றி இறக்கும், ஒன்றரை விழுக்காடு கூடும், ஒன்றரை விழுக்காடு குறையும். மறுமுனையில் அதே கோணம் இருந்தால்தான் ஒன்றை ஒன்று ரத்து செய்யும். பெட்டியின் வாலைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை ஒரு விரல் உயர்த்தி வெல்டு வைத்துவிட்டால், 70 கிலோமீட்டர் வேகத்தில் தரை முழுக்க நடுங்கும். காரணம் தேடிச் சக்கரத்தைப் பாலன்ஸ் செய்துகொண்டே இருப்பார்கள்.

ஊருக்குள் ஓட்டுபவர் முதல் நாளே உணரும் மாற்றம் சின்க்ரோ ரிங்கால் வருவது. பழைய பி.எம்.சி. பெட்டியில் முதல் கியருக்கு அது கிடையாது. நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்துகொண்டே முதலாவதைப் போட்டால் பற்கள் கறகறவென்று அலறும். புதுப் பெட்டியில் முன்னோக்கிய எல்லாக் கியருக்கும் உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் அழகான பொருள். மஞ்சள் உலோகத்தில் ஒரு வளையம், உட்புறம் கூம்பாகச் சரிந்து, கைவிரலால் தடவினால் உணரும்படி நுண்ணிய மரைகள். அந்த மரைகள் கியரின் கூம்பு மீதுள்ள எண்ணெய்ப் படலத்தை அறுத்து உலோகத்தை உலோகத்தோடு உரசவிடுகின்றன. அந்த உரசலில் இரண்டு வேகங்களும் ஒன்றாகும்வரை, வளையத்தின் விளிம்புப் பற்கள் கியர் விழாமல் தடுத்து நிற்கும். நல்ல வளையத்தைக் கியர் மீது அழுத்தினால் நடுவே ஒரு மில்லிமீட்டர்போல இடைவெளி தெரியும். இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டால் அது தேய்ந்தது. பழைய பெட்டி வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதற்கு முன் இதைத் திறந்து பார்க்க வேண்டும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். கிரௌன் பினியனுக்கு ஊற்றும் கடுமையான ஜி.எல்-5 எண்ணெயை, மிஞ்சியதே என்று கியர் பெட்டியில் ஊற்றிவிடும் வழக்கம் உண்டு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடும். வழுவழுப்பு கூடுவதால் வளையத்தின் பிடியும் நழுவும். பெட்டிக்கு எது என்று அதன் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயே ஊற்ற வேண்டும்.

ஸ்டியரிங் கம்பத்தில் உள்ள கியர் கம்பி தரைக்கு வந்தால் முன் இருக்கையில் நடுவே ஒருவர் உட்கார்ந்த இடம் போய்விடும். கல்யாணக் கார்களில் குழந்தைகள் அமர்ந்த இடம் அது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பிரேக்கைப் பற்றி வருத்தத்தோடு நிறுத்த முடியாது, கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரைச்சல் குறைந்ததும் கால் தானாக அழுந்துகிறது, 80 என்று நினைத்து 100-இல் போவார்கள். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 80-இலிருந்து 100-க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கும் மேல். முன் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள காரில் ஐந்தாவது கியர் மாட்டுவதற்கு முன் பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். ஐந்தாவதில் இன்ஜினின் தடுப்பும் குறைவு என்பதால், காரையாறு அணையிலிருந்து பாபநாசம் இறங்குபவர்கள் அதை மறந்துவிட்டு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இறங்குவதே பாதுகாப்பு.

ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் புதுப் பெட்டியில் வேறு எண்ணிக்கையில் இருக்கும். அதையும் மாற்றாவிட்டால் முள் பொய் சொல்லும். பெட்டியோடு இன்ஜினையும் மாற்றுகிறவர்களுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும்.

மாட்டி முடித்து 1,000 கிலோமீட்டர் ஓடியதும் பெட்டி எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு லேசாகத் தெரிந்தால் வளையங்கள் தங்கள் கூம்புகளோடு பழகுகின்றன, கவலை வேண்டாம். காந்தத்தில் ஊசிபோல எஃகுச் சில்லுகள் ஒட்டிவந்தால் ஏதோ ஒரு ஷாஃப்ட் மையம் தவறிச் சுற்றக்கூடும். புது எண்ணெயை ஊற்றி மூடாமல், பெட்டியை இறக்கி, டயல் கேஜை மறுபடி ஃபிளைவீலில் நிறுத்த வேண்டும்.